தட்டில் விழுந்த தூசு யாருடையது?



எங்கள் வீதிப் பவுண்டரியை மூடச் சொல்லிக் கலெக்டருக்குப் போகிற மனுவில் நான் கையெழுத்துப் போட்டேனா இல்லையா என்று இந்த இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பவுண்டரி நடத்துகிற தம்பி என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர். அதனால் "டீச்சர் அவங்க பக்கந்தானுங்க" என்று ஒரு பேச்சு. என் மகள்வழிப் பேரனுக்கு அடிக்கடி இளைப்பு வரும் என்பதால் "டீச்சர்தான் முதல் கையெழுத்துப் போட்டிருப்பாங்க" என்று இன்னொரு பேச்சு. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

மனுவில் இருந்தது இதுதான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கறுத்துப் போகிறது. ஜன்னல் விளிம்பைத் தினமும் துடைத்தாலும் தூசு. குழந்தைகளுக்கு இருமல், இளைப்பு. இவ்வளவுக்கும் அந்தப் பவுண்டரிதான் காரணம். ஆகவே அதை மூட வேண்டும்.

கஷ்டம் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "இவ்வளவுக்கும்" என்ற ஒரு சொல் எனக்கு உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சோதித்துப் பார்க்காமல் ஒரு விடையை எழுதிக் கீழே கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

முதலில் தூசு என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் எல்லாவற்றையும் தூசு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதில் மண் இருக்கும், கரி இருக்கும், பஞ்சு இருக்கும், இரும்பு இருக்கும், பூக்களின் மகரந்தம், பூஞ்சையின் வித்து, சிமெண்டு, டயர் தேய்ந்த துணுக்கு எல்லாம் இருக்கும். அளவும் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களை பிஎம் 10 என்கிறார்கள். அதில் பெரியவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் இருந்தால் பிஎம் 2.5. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். கண்ணுக்குத் தெரிகிற தூசைவிடத் தெரியாத தூசுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் 2009இல் வகுத்த அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வருடச் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. பிஎம் 2.5 என்றால் நாளுக்கு 60, வருடத்துக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இன்னும் கடுமையாகச் சொன்னது: பிஎம் 2.5 வருடச் சராசரி 5 தான். எட்டு மடங்கு வித்தியாசம்!

இதை அளப்பது எப்படி? குறிச்சி சிட்கோவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பழைய முறை எளிமையானது. ஒரு வடிதாளை எடை போட்டு வைப்பார்கள். அதன் வழியாக 24 மணி நேரம் காற்றை உறிஞ்சுவார்கள். திரும்ப எடை போடுவார்கள். கூடியது எவ்வளவோ அவ்வளவு தூசு. நம் அம்மாமார்கள் காப்பித் துணியில் டிகாக்‌ஷன் வடிப்பது போலத்தான். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. எவ்வளவு தூசு என்று எடை சொல்லும். யாருடைய தூசு என்று சொல்லாது.

யாருடையது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு வித்தை இருக்கிறது. கல்யாண வீட்டில் கைதேர்ந்த சமையல்காரர் சாம்பாரை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து, "புளி ஒரு கை கூடிப்போச்சு, கொத்தமல்லி குறைச்சல்" என்பார். பாத்திரத்தில் போட்டதை அவர் பார்த்திருக்க மாட்டார். ருசியை வைத்தே பின்னோக்கிப் போய்ப் பொருளையும் அளவையும் சொல்லிவிடுவார். விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்கிறார்கள். வடிதாளில் பிடித்த தூசில் என்னென்ன தனிமங்கள், என்னென்ன உப்புகள், எவ்வளவு கரி என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு கைரேகை உண்டு.

சிலிக்கான், அலுமினியம், கால்சியம் சேர்ந்து வந்தால் மண், ரோட்டுப் புழுதி. சோடியமும் குளோரினும் சேர்ந்து வந்தால் கடல் உப்பு. சென்னைக் காற்றில் அது இருக்கும். விறகு, சருகு எரிந்தால் பொட்டாசியம் கூடும். கூடவே மரத்தின் செல்லுலோஸ் எரியும்போது பிறக்கிற லீவோகுளுகோசன் என்ற ஒரு சர்க்கரைப் பொருளும் காட்டிக்கொடுத்துவிடும். வண்டிகளின் பிரேக் தேய்ந்தால் செம்பு, ஆன்டிமனி, பேரியம். டயர் தேய்ந்தால் துத்தநாகம். தீபாவளி அன்று பேரியமும் ஸ்ட்ரான்சியமும் திடீரென்று ஏறும். பச்சை மத்தாப்பின் நிறம் பேரியத்தால் வருவது, சிவப்பின் நிறம் ஸ்ட்ரான்சியத்தால். 2000ஆம் ஆண்டு வரைக்கும் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள். அப்போது ஈயம்தான் பெட்ரோல் வண்டியின் கைரேகை. ஈயத்தை எடுத்த பிறகு அந்த ரேகை மங்கிவிட்டது.

இப்படிப் பிரித்துப் பார்க்கிற பெரிய ஆய்வை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, புனே, கான்பூர் என்று ஆறு நகரங்களில் நடத்தியது. சென்னையில் அதைச் செய்தது ஐ.ஐ.டி. ஊருக்கு ஊர் விடை வேறு. டெல்லியின் விடையைக் கோவைக்குக் காப்பி அடிக்க முடியாது என்பதுதான் எனக்குப் புரிந்த பாடம்.

நம் ஊருக்கு என்று தனி ருசி இருக்கிறது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து பஞ்சுத் தூசு. பம்புசெட், மோட்டார், கிரைண்டர் என்று நாடெங்கும் அனுப்புகிற ஊர் என்பதால் பவுண்டரியின் மணல் தூசும் இரும்புத் தூளும். சுண்ணாம்புக் கல் கிடைப்பதால் 1930களிலேயே சிமெண்டு ஆலை வந்த மதுக்கரை. எம்-சாண்டு லாரிகள். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களின் தென்னைத் தூள். சோமனூரில் தறித் தூசு. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுப்புற ஜனங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவிநாசி ரோட்டு மேம்பாலம் கட்டி முடியும் வரை அந்த ரோட்டில் போனவர்களுக்கு மூக்கே சாட்சி.

இதில் பஞ்சுத் தூசைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு பாத்தியதை உண்டு.

எங்கய்யன் ஒரு பஞ்சாலையில் புளோரூமில் வேலை பார்த்தார். பேல் பேலாக வருகிற பஞ்சைப் பிரித்து உதறிச் சுத்தம் செய்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், "அய்யன் கிழவனாயிட்டாரு" என்று சிரிப்போம். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். எங்களைச் சந்தைக்குக் கூட்டிப் போவார். திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். "என்னமோ கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்குது" என்பார். செவ்வாய், புதன் ஆனால் கொஞ்சம் தேவலை. போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. ஆஸ்துமா என்றார்கள், டி.பி. என்றார்கள், பீடி குடிப்பீர்களா என்று கேட்டார்கள். அவர் பீடியைத் தொட்டதில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தி நாலு வயசில் போய்ச் சேர்ந்தார்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான், சுகாதாரம் பற்றிய ஒரு புத்தகத்தில் பிஸினோசிஸ் என்ற பெயரைப் படித்தேன். பஞ்சாலைத் தொழிலாளர் நோய். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முதல் அடையாளம் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பஞ்சு நாரைவிட, பஞ்சோடு ஒட்டி வருகிற இலைத் துணுக்கு, காய்த்தோல் துணுக்குகளில் இருக்கிற பாக்டீரியாவின் நச்சுதான் முக்கியக் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பார்த்தீர்களா, தூசு எவ்வளவு என்பது மட்டும் போதாது, என்ன தூசு என்பதும் தெரிய வேண்டும். 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் மருத்துவர் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, உன் தொழில் என்ன என்று கேள் என்கிறார் அவர். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் பிஸினோசிஸ் இருந்தது, மணல் தூசால் வருகிற சிலிகோசிஸும் இருந்தது. எங்கய்யனுக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனி எங்கள் வீதிக் கதைக்கு வருகிறேன்.

ஆடி மாதம் முழுக்க எட்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகளை வைத்துப் பார்த்தேன். பவுண்டரிக்கு மேற்கே இரண்டு வீட்டு மாடி, கிழக்கே லைன் வீடுகளின் ஓட்டுக்குப் பக்கத்தில் இரண்டு, மெயின் ரோட்டு ஓரம் ஒன்று, எங்கள் மாடியில் ஒன்று, சோமனூரில் என் தங்கச்சி வீட்டில் ஒன்று. எட்டாவது தட்டு அன்னூருக்குப் பக்கம் என் கொழுந்தனார் தோட்டத்தில். அங்கே ஆலையும் இல்லை, பெரிய ரோடும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் அல்லவா? "ஒப்பீடு இல்லாத சோதனை, சோதனையே இல்லை" என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது ஞாபகம் இருக்கிறதா?

தட்டில் விரல் கணு உயரம் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். விழுகிற தூசு தண்ணீரில் மாட்டிக்கொள்ளும், காற்றில் பறக்காது. ஏழு நாள் கழித்துத் தண்ணீரை வற்றவிட்டு, மிஞ்சியதைக் காகிதத்தில் தட்டி எடுத்தேன். பிறகு நாலு சோதனை.

ஒன்று, காந்தம். பாலிதீன் பையைச் சுற்றிக் காந்தத்தைத் தூசு மேல் ஓட்டினால் இரும்புத் துகள் ஒட்டும். பையை உருவினால் தனியாக விழும். நம் மண்ணிலும் காந்தம் பிடிக்கிற கறுப்பு மணல் கொஞ்சம் உண்டு. அதனால் லென்ஸில் பார்க்க வேண்டும். மண்ணின் துகள் கோணல்மாணலாக இருக்கும். உருக்கும்போதும், கிரைண்டிங் வீலில் பொறி பறக்கும்போதும் வருவது கடுகு போல உருண்டையாக, பளபளப்பாக இருக்கும். கல்லூரியில் படிக்கிற ஒரு மாணவி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். பார்த்தால் ஆச்சரியப்பட்டுப் போவீர்கள், அவ்வளவு அழகான உருண்டைகள்!

இரண்டு, எலுமிச்சைச் சாறு. ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு இருக்கிற தூசு பொங்கும். சிமெண்டுப் பூச்சு, கான்கிரீட் உதிர்ந்தது, சுண்ணாம்புக் கல் எல்லாம் அதில் அடங்கும். நம் கரிசல் மண்ணிலும் சுண்ணாம்பு உண்டு என்பதால் தோட்டத்துத் தட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மூன்று, நெருப்பு. தட்டில் இருந்த நூலிழையைக் குறடால் பிடித்துத் தீக்குச்சி காட்டினால், பஞ்சு காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணி போலத் திரளும். (குழந்தைகள் பெரியவர்கள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.)

நான்கு, விரல். கரி காந்தத்தில் ஒட்டாது, எலுமிச்சைக்குப் பொங்காது, விரலில் மை போல இழுபடும்.

விடையைச் சொல்கிறேன்.

தோட்டத்துத் தட்டில் செம்மண், மகரந்தம், ஒரு எறும்பு. சோமனூர்த் தட்டில் பாதிக்கு மேல் நூல் பொசுங்கல். மெயின் ரோட்டுத் தட்டில் சாம்பல் நிறப் புழுதி. எலுமிச்சை விட்டதும் நன்றாகவே பொங்கியது. மேற்கே இருந்த இரண்டு வீட்டுத் தட்டுகளும் கிட்டத்தட்ட மெயின் ரோட்டுத் தட்டு மாதிரியே இருந்தன. பொங்கின புழுதி, அதோடு விரலில் இழுபடுகிற கரி, பாதி கருகின பிளாஸ்டிக் துணுக்கு. காந்தத்தில் ஒட்டியது தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கிழக்கே இருந்த லைன் வீட்டுத் தட்டுகளில் காந்தத்தை வைத்ததும் கொத்தாக ஒட்டியது. லென்ஸ் இல்லாமலே உருண்டைகள் மின்னின. கூடவே வார்ப்பட மணல்.

காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் நம் ஊருக்குள் அடிக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் பவுண்டரித் தூசு கிழக்கே போய்த்தான் விழும். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் மேற்கு வீட்டுக்காரர்கள். சொந்த வீடு, கார் உள்ளவர்கள். கிழக்கே லைன் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று போய்க் கேட்டேன். ஒரு அம்மணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு அங்கதானுங் டீச்சர் பிசிர் அடிக்கிறாரு. மூடிப்போட்டா நாங்க எங்கீங் போறது?"

வார்த்து எடுத்த இரும்பின் ஓரத்துப் பிசிரைக் கிரைண்டிங் வீலில் தேய்த்து எடுப்பதுதான் அந்த வேலை. அவருடைய வீட்டுக்காரர் வாயில் ஒரு ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் அதைச் செய்கிறார். எங்கள் மாடித் தட்டுக்கு எப்போதாவது வந்து சேர்வதை அவர் பிறந்த இடத்திலேயே நின்று மூச்சில் இழுக்கிறார். எனக்கு எங்கய்யனின் வெள்ளைப் புருவம்தான் கண்ணில் வந்து நின்றது. தூசில் அதிகம் நனைபவன் மனுவில் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

தட்டுச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தட்டில் விழுவது கனமான தூசு மட்டும். பிஎம் 2.5 அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது, நாள்கணக்கில் மிதக்கும். அதில் ஒரு பகுதி தூசாகக் கிளம்புவதே இல்லை. நிலக்கரி, டீசல் எரிகிறபோது வருகிற கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் காற்றில் அமோனியாவோடு சேர்ந்து, விடியற்காலைப் பனித்துளி மாதிரி நடுவானில் துகளாகப் பிறக்கின்றன. அவை எங்கோ தொலைவில் கிளம்பியும் இங்கே வரும். 2020 ஏப்ரலிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்று குறைத்தது இதற்கும் சேர்த்துத்தான். ஆகவே பேரனின் இளைப்புக்குக் காரணம் இன்னார் என்று என் தட்டு தீர்ப்புச் சொல்லாது. துணியை யார் கறுப்பாக்குகிறார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். அதற்கே மேற்கு வீடுகளில் விடை வேறாக இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் காலி மனையில் குப்பையைக் கொளுத்துவது யார் என்று எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். நாம்தான்!

மூடிவிட்டால் தீர்ந்துவிடுமா என்பதற்கு நம் தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், சோமையனூர், பன்னிமடை, வீரபாண்டி சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கு மேல் செங்கல் சூளைகள் இருந்தன. உரிய அனுமதி இல்லாமல் இயங்கியதும், செம்மண்ணை அளவில்லாமல் தோண்டியதும், யானை வழித்தடம் கெட்டதும் நீதிமன்றம் வரை போய், 2021இல் மூடப்பட்டன. மூடியது சரிதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற என் மாணவி ஒருத்தி "இப்பத்தானுங் டீச்சர் வெள்ளத் துணி வெள்ளையா இருக்குது" என்கிறாள். அதே ஊரில் இன்னொரு மாணவனின் அப்பாவும் அம்மாவும் கல் அறுத்த கூலியில்தான் அவனைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்கு அடுத்த மாசக் கூலி எங்கே என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அங்கே மண்ணே போய்க்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. எங்கள் வீதியில் இருப்பது மறைப்பு இல்லாத ஒரு கொட்டகை. அதற்கு வழி இருக்கிறது.

தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்ததும், "டீச்சர், நீங்களுமுங்களா?" என்றார். நான் பேசவில்லை. மேற்குத் தட்டையும் கிழக்குத் தட்டையும் முன்னால் வைத்துக் காந்தத்தைக் கையில் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தார். கிழக்குத் தட்டில் ஒட்டியதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோக் அடுப்பை எடுத்துப்போட்டுக் கரண்டு அடுப்பு வெச்சு ஆறு வருசமாச்சுங் டீச்சர். புகையே இல்லீங்களே, அப்புறம் எங்கிருந்துங் இது?"

"உருக்குற எடத்துல இல்ல கண்ணு. பிசிர் அடிக்கிற கொட்டாய்க்குக் கெழக்குப் பக்கம் செவுரு இருக்குதா?"

இல்லை. வெக்கை தாங்காது என்று திறந்தே விட்டிருந்தார்கள்.

மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு மனு எழுதினேன். பிசிர் அடிக்கிற இடத்தில் தூசை உறிஞ்சிப் பையில் பிடிக்கிற கருவியும் கிழக்கே தடுப்பும் வேண்டும்; தேய்ப்பவர்களுக்குத் துண்டு போதாது, சரியான முகமூடி வேண்டும்; அவர்கள் எல்லோருக்கும் வருடம் ஒரு முறை நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் வேண்டும்; மாநகராட்சி தினமும் குப்பை எடுக்க வேண்டும், காலி மனையில் கொளுத்தினால் அபராதம் போட வேண்டும்; ரோட்டை வறண்டபடி கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும். மேற்கு வீடுகளில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். லைன் வீட்டில் நான்கு பேர் போட்டார்கள். பிசிர் அடிக்கிறவரின் அம்மணி கைநாட்டு வைத்தார்.

இதுவரை நடந்தது: தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. உறிஞ்சும் கருவிக்கு விலை கேட்டிருக்கிறார். தீபாவளி போனஸ் கொடுத்த பிறகு என்கிறார். நான் கேலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஏழு பேருக்கு இ.எஸ்.ஐ. மூலமாக எக்ஸ்ரே எடுத்தாயிற்று. அதில் ஒருவருக்கு நிழல் தெரிகிறது என்று மேல் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். அவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவருடைய மருத்துவச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று மட்டும் போட்டிருந்தது. நான் கூடப் போய், "வார்ப்பட இரும்பு தேய்ப்பவர், பதினோரு வருடம்" என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைத்துவிட்டு வந்தேன். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆனது. முன்பே யாராவது அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம். குப்பை எரிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மேற்கு வீட்டார் இருவர் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை, பேசுவார்கள்.

உங்களுக்கு மூன்று வேண்டுகோள்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ மில், பவுண்டரி, தறி, கல் குவாரி, நார் மில், சூளை என்று எதில் வேலை பார்த்தவர்கள் இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

விறகடுப்பு, சருகு, கொசுவர்த்திப் புகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூடிய அறைக்குள் இருக்கிற புகை ரோட்டுப் புகையைவிட மோசமாக இருக்கலாம். இன்னமும் வெந்நீருக்கு விறகு வைக்கிற அம்மாயிகளும் ஆத்தாக்களும் அடுப்பை வெளியே காற்றோட்டத்தில் வைக்கட்டும்.

பள்ளியில் வேலை பார்க்கிற மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளை வைத்து இந்தத் தட்டுச் சோதனையைச் செய்யுங்கள். தட்டு, காந்தம், எலுமிச்சை, லென்ஸ் எல்லாம் சேர்ந்தும் இருநூறு ரூபாய் ஆகாது. மார்கழியில் ஒரு தடவை செய்யுங்கள். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும். விடியற்காலைக் குளிரில் தரையோடு ஒட்டிய காற்று மேலே ஏறாமல் நிற்கும். மேலே இருக்கிற இளஞ்சூடான காற்று மூடி போட்டது போல அதை அமுக்கி வைத்திருக்கும். ஆடியில் அடித்துக்கொண்டு போன தூசு அப்போது போக இடமில்லாமல் தங்கும். எங்கள் வீதியிலும் தட்டுகளைத் திரும்ப வைக்கப் போகிறேன். இந்த முறை காற்று மேற்கு வீடுகள் பக்கம் திரும்பியிருக்கும். தடுப்பு கிழக்கே மட்டும்தான் இருக்கிறது என்று தம்பியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊர்த் தட்டில் என்ன விழுந்தது என்று படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊர், எந்த மாதம், காற்று எந்தத் திசை என்று மறக்காமல் எழுதுங்கள். எழுதாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை.

எல்லோரும் நல்ல மூச்சோடு நீடு வாழ வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்